வலது ஓரத்துச் சந்தனம்

அத்தானின் லாப்டொப்பின் வலது ஓரத்தில் நகத்தளவுகூட இல்லாத ஒரு சுவிட்ச். முன்னே தள்ளினால் வயர்லெஸ் வேலை செய்யும். பின்னே தள்ளினால் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிறு காலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

அத்தான் என் அக்காவின் கணவர். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம். அக்காவை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் முடியாமல் அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அங்கே குழந்தை பிறந்து, முப்பத்தொரு நாள் துடக்குக் கழித்து, அடுத்து வரும் ஞாயிறு வீடியோவில் முகம் காட்டுவதாக ஏற்பாடு. அத்தான் விடியவே ஷேவ் எடுத்து, அயன் பண்ணிய சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மகளை முதன்முதலாகப் பார்க்கப்போகிறாரே! லாப்டொப்பைத் திறந்தால் வயர்லெஸ் இல்லை.

அவர் லினக்ஸ் பக்தர். கறுப்புத் திரையில் ஏதேதோ கட்டளைகள் அடித்தார். வயர்லெஸ் அட்டை நன்றாக இருக்கிறது, சுவிட்சில்தான் நிறுத்தியிருக்கிறது என்று அது தெளிவாகவே சொன்னது. மனுசன் நம்பினால்தானே! அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள்மேல்தான் அவருக்குச் சந்தேகம். நீக்கினார், மறுபடி ஏற்றினார். "பொறடாப்பா, ஒருக்கா ரீஸ்ராட் பண்ணிப் பாப்பம்." அவருடைய எல்லா வைத்தியமும் அதில்தான் போய் முடியும். இதற்குள் அக்கா ஃபோனில் கூப்பிட்டாள்: "பிள்ளை நித்திரையாகப் போகுதப்பா, கெதியா வாங்கோ." அத்தான் இன்னும் வேகமாகத் தட்டினார்.

ஓடி ஓடிச் சூடேறிய லாப்டொப்பிலிருந்து அப்போதுதான் சந்தனம் மணத்தது. முதல்நாள் சரஸ்வதி பூசை. புத்தகங்களோடு அதையும் வைத்து, நான்கு ஓரமும் சந்தனம் அப்பியிருந்தார். காலையில் அவசரமாகத் துடைத்தபோது சுவிட்ச் பின்னே போய், மிச்சச் சந்தனத்தில் இறுகிவிட்டது. ஊசியால் கிண்டி முன்னே தள்ளினோம். சின்ன நீல வெளிச்சம் வந்தது. கன்னத்தில் கறுப்புப் பொட்டு, ஒரு பெரிய கொட்டாவி, அவ்வளவுதான், பிள்ளை தூங்கிவிட்டாள். அத்தான் திரையைத் தடவித் தடவி அழுதார்.

பிறகு அக்காவோடு இங்கே வந்து வளர்ந்த அந்தப் பிள்ளைதான் இந்த வருடம் பூசைக்கு மறுநாள், அதே லாப்டொப்போடு வோபர்னில் என் வீட்டுக்கு வந்தாள். போன பனிக்காலத்தில் அத்தான் போய்விட்டார். அவர் இல்லாத முதல் பூசை.

"மாமா, நேற்று அப்பா செய்யிற மாதிரியே இதையும் பூசைக்கு வச்சனான். இப்ப வைஃபை வேர்க் பண்ணேல்லை. ஐ திங்க், டிரைவர் ப்ரொப்ளம்."

வலது ஓரத்தில் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அதே மணம். ஓர் ஊசி போதும், உடனே சரியாகிவிடும். ஆனால் அத்தான் இன்னும் கொஞ்ச நேரம் எங்களோடு இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"பொறு பிள்ளை," என்றேன், "ஒருக்கா ரீஸ்ராட் பண்ணிப் பாப்பம்."