ஆறு பேர் தூக்கும் பலகை

நெவில் பர்செல் முப்பத்தொரு வருடம் பால் டேங்கர் ஓட்டினார். ஆஸ்திரேலியாவில் லிஸ்மோர் ஊருக்கு வடக்கே எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பண்ணை நாய் கடிக்கும், எது குரைத்துவிட்டு வாலாட்டும் என்று அவருக்கு அத்துப்படி. மனுஷர்களோடு மட்டும் பழக்கமில்லை. விடியற்காலையில் பால் கறந்துகொண்டிருப்பவர்கள் கொட்டகைக்குள்ளிருந்தே ஒரு கையைத் தூக்குவார்கள், இவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். கல்யாணம் இல்லை. சிட்னியில் ஒரு தங்கை, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை.

ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"பெரில், கொல்லையில ஒரு பார் கட்டப்போறேன்."

"நீ குடிக்கிற ஒத்தை பீருக்கு பாரா?"

"எனக்கில்ல, வர்றவங்களுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வந்து நின்னு பேசிட்டுப் போனா நல்லாத்தானே இருக்கும்?"

சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். அறுபத்தாறு வயது ஆள்! எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

மரம் அறுக்கும் ரஸ், பார் மேடைக்கான பலகையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். கற்பூர மரம். எங்கள் பக்கத்தில் அது வெறும் களை, ஓடைக்கரையெல்லாம் முளைத்துக் கிடக்கும். ஆனால் அறுத்துக் காயவைத்தால் அழகோ அழகு. பன்னிரண்டு அடி நீளம், நாலு விரல் கனம், ஓரத்தில் ரம்பம் படாமல் மரம் வளர்ந்த நெளிவு அப்படியே இருந்தது.

"வேலை முடிஞ்சதும் சொல்லு. ஆறு பேர் வர்றோம். கொல்லைக்குத் தூக்கிட்டுப் போய் வச்சிட்டு, குளிரா ஆளுக்கொரு பீர் அடிச்சிட்டுப் போறோம்" என்றான் ரஸ்.

கனமான சாமான் தூக்க வா என்றால் இங்கே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. தூக்கிக் கொடுத்தவன் அப்புறம் கதவைத் தட்டாமலே அந்த வீட்டுக்குள் வருவான்.

இரண்டு மாதம் நெவ் அந்தப் பலகையே கதியென்று கிடந்தார். உளியால் பட்டையை உரித்தார், பூச்சி அரித்த ஓட்டைகளில் பிசின் ஊற்றினார், ஒரு விரிசல் மேலும் ஓடாமல் குறுக்கே கட்டை பதித்தார், தேய்த்தார், எண்ணெய் பூசினார். கற்பூர வாசனை என் சமையலறை வரைக்கும் வந்து மூக்கடைப்பே விட்டுப்போனது.

"ரஸ்ஸுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு எதுக்குச் சிரமம்? முதல் தடவை வர்றவங்ககிட்ட வேலை வாங்கலாமா? எல்லாம் முடியட்டும், வந்து சும்மா உக்காந்தாப் போதும்."

"அட மக்கு! தூக்கத்தான்யா வருவாங்க!"

கேட்டால்தானே? இரும்புக் குழாய்களை உருளவிட்டு, அதன்மேல் பலகையைத் தனியாகவே கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அப்புறம் கார் ஜாக்கியால் ஒரு முனையை இரண்டு விரல் உயர்த்தி, அடியில் கட்டை கொடுத்து, மறுமுனைக்கு ஓடினார். பதினோரு நாள்! நானும் ஒரு முனையைப் பிடிக்கிறேன் என்று வேலியைத் தாண்டிப் போனேன். "வேணாம் பெரில், உன் முதுகு போயிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவர் விரல் நசுங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

பலகை ஒருவழியாக அவர் நட்டுவைத்திருந்த கம்பங்களின் மேல் உட்கார்ந்ததும், சனிக்கிழமை நாலு மணிக்கு வரச்சொல்லி ஆறு வீட்டுத் தபால் பெட்டியில் சீட்டுப் போட்டார். கடையில் ரஸ் அந்தச் சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"தூக்கறதுக்கு நாங்க வேணாமாம், ஓசியில குடிக்க மட்டும் வரணுமாம். எங்களை என்னன்னு நினைச்சான்?"

"அவன் கூச்ச சுபாவம்டா, மடையா."

"கூச்சமா? திமிரு!"

ரஸ்ஸைத் திட்டிய நானே சனிக்கிழமை என்ன செய்தேன்? முதலில் யாராவது போகட்டும், நாம் அப்புறம் போகலாம் என்று வீம்பாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

நெவ் தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஆறு ஸ்டூல், பனிக்கட்டிப் பெட்டி நிறைய பீர், தட்டில் சாசேஜ். நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஒருத்தரும் வரவில்லை. துடைத்த பலகையையே துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்தரைக்கு ஒரு கிளாஸில் பீர் ஊற்றிப் பலகைமேல் வைத்தார். பிறகு சுற்றிக்கொண்டு, விருந்தாளிகள் உட்காரும் பக்கம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அதை எடுத்துக் குடித்தார்.

சே, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் பலகைமேல் ஆறு கிளாஸ்கள் நின்றன. யாரோ குடித்துவிட்டு வைத்தது போல ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் நுரை.

"அடடா பெரில், இப்பத்தான் எல்லாரும் கிளம்பினாங்க" என்றார் நெவ். "ரஸ்கூட வந்தான். பலகையைத் தட்டித் தட்டிப் பாத்தான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்ப்பா. சிரிப்புச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டுதே."

"ரொம்பத் தொந்தரவா இருந்துச்சோ?"

"சனிக்கிழமைதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.