வீட்டை ஆள்பவன் ஹென்றி

என் அலுவலகத்தில் என் பெயர் ஹென்றி. கறுத்த, மீசை வைத்த, வெள்ளிக்கிழமை கறி தொடாத ஹென்றி. இந்தக் கூத்துக்கு யார்மேலும் பழிபோட முடியாது. நானே எனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்.

ஊரில் நமக்கு இனிஷியல் முன்னால், பெயர் பின்னால். பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது அதே வரிசையில் எழுதிக் கொடுத்தேன், பெரிய புத்திசாலி! ஆக்லாந்தில் வந்து இறங்கினால், முதலில் நிற்பதுதான் என் பெயர் என்று எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வங்கியில் அப்பா பெயர், டாக்டரிடம் போனால் அப்பா பெயர். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு ரிப்போர்ட் தாமதமாகிவிட்டது. என்னைவிட நாலு வயது சின்ன மேனேஜர் நடு ஆபீஸில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினான். அம்மாகூட வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. எனக்கு ரத்தம் கொதித்தது. சட்டையைப் பிடிக்க முடியுமா? என் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அவனிடம் போய் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கி, "சுருக்கமாக ஏதாவது இருக்கிறதா?" என்றான். காலையில் பஸ் ஸ்டாப்பில், வீடு விற்கும் தரகர் ஒருவர் விளம்பரப் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஹென்றி. அதையே சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அர்த்தத்தை அப்புறம்தான் தேடினேன். பழைய ஜெர்மானியப் பெயராம். பாதி 'வீடு', பாதி 'ஆள்பவன்'. ஜெர்மனியில் ராஜாக்கள் வைத்துக்கொண்டார்கள். பிரான்ஸ் பக்கமிருந்து படையெடுத்தவர்கள் இங்கிலாந்துக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே எட்டு ராஜாக்களுக்கு அதே பெயர். எட்டாமவர் ஆறு கல்யாணம் பண்ணி, இரண்டு ராணிகளின் தலையை வாங்கியவர். இவ்வளவையும் மனைவியிடம் பெருமையாக எடுத்துவிட்டேன்.

"வீட்டை ஆள்றவரா? அப்போ மகாராஜா குப்பைத் தொட்டியைத் தெருவுல கொண்டுபோய் வைங்க. காலைல வண்டி வந்துரும்" என்றாள்.

இடையில் கிழவர்களின் பெயராகக் கிடந்ததற்கு இப்போது மறுபடி மவுசு வந்துவிட்டது. கிளென்ஃபீல்ட் மாலில் ஒருநாள் "ஹென்றி, கீழே வை!" என்று ஒரு பெண் அதட்ட, கையில் இருந்த ஷாம்பு பாட்டிலைச் சட்டென்று வைத்துவிட்டேன். அவள் அதட்டியது தள்ளுவண்டியில் இருந்த தன் குழந்தையை.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. சொந்தபந்தம் எல்லோரோடும் மல்லுக்கட்டி, ஒற்றைப் பிள்ளைக்கு அவர் ஆசையாக வைத்த பெயர் என்னுடையது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டேன் என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார். அந்தப் பயத்தில் போனில்கூட ஆபீஸ் பேச்சை எடுக்க மாட்டேன்.

போன கோடையில் அவர் எங்களோடு இருக்க வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, நான் பத்து வருஷம் முடித்ததற்கு ஆபீஸில் விருந்து, குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் பேச்சு பிடிபடாது, சமாளித்துவிடலாம் என்று நம்பி, மனுகாவில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன்.

கேக்கில் க்ரீமால் கொட்டை கொட்டையாக ஹென்றி என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். "யாருக்கோ பொறந்தநாள் போலிருக்கு" என்று முதல் ஆளாகக் கைதட்டினார். கத்தியை என் கையில் கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸில் என்னைத் தவிர இருக்கும் ஒரே தமிழ் ஆள், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அவர் அப்பாவின் பக்கம் பாசமாகக் குனிந்தார்.

"ஐயா, ஹென்றி எண்டது உங்கட மகன்தான். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுறவை."

அப்பாவின் கைகள் நின்றுவிட்டன. கேக்கைச் சாப்பிட்டார், அக்காவிடம் நன்றாக இருக்கிறது என்றார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

காரில் ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாஸ்போர்ட், மேனேஜர், எட்டு ராஜாக்கள், ஒன்றையும் விடவில்லை. "உங்க பேரைச் சொல்லி ஒருத்தன் திட்டுறதை என்னால கேட்டுட்டு நிக்க முடியலப்பா" என்றேன். துறைமுகப் பாலம் ஏறும்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தெரியாத ஊர்ல தனியா நின்னு திட்டு வாங்கியிருக்கியேடா" என்றார். "என் பேரைச் சொல்லியே திட்டியிருக்கட்டுமே. பத்து வருஷமும் நான் உன்கூட நின்னிருப்பேன்ல."