பானா இட்டன்னா டானா இம்மன்னா

ஒன்றாம் வகுப்பு முடிகிற சமயத்தில் என் மகள் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் வாசிக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் புத்தகத்தை மடியில் விரித்து, விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே ராகம் போட்டு வாசிப்பாள். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்துவிடும். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் காதிலும் விழட்டும் என்று கதவைத் திறந்தே வைப்பேன்.

பரீட்சை முடிந்ததும் டீச்சர் வரச் சொல்லியிருந்தார். இந்த மாதிரி இடங்களுக்கு வழக்கமாக மனைவிதான் போவாள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அவள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் விடவில்லை. நான் போய் நின்றேன்.

டீச்சர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியில் நடுவாக இருந்த ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலை வைத்தார். "இது இன்னா, படி" என்றார். மகள் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ராகத்தோடு ஆரம்பித்தாள்.

"அங்கிருந்து இல்லம்மா. இது மட்டும்."

மறுபடியும் முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தாள். டீச்சர் நிறுத்தினார்.

"அங்க வரைக்கும் போனாதானே டீச்சர் தெரியும்" என்றாள் மகள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் வாசிக்கவே இல்லை. புத்தகம் முழுக்க மனப்பாடம்.

"தனித்தனியா எழுத்தைக் காட்டினா சொல்லிடறா. சேர்த்துப் படிக்க வரல" என்றார் டீச்சர். "இப்படியே ரெண்டாவதுக்கு அனுப்பினா, ஒண்ணும் புரியாம கடைசி பெஞ்சுல உக்காந்துக்குவா. இன்னொரு வருஷம் ஒண்ணாவதுலயே இருக்கட்டுமேன்னு பாக்கறேன். லீவுல வீட்டுல யாராவது சொல்லிக்குடுங்க. திறக்கிற அன்னிக்கு அவ பார்க்காத பக்கம் ஒண்ணு குடுப்பேன். படிச்சிட்டான்னா ஏத்திவிடறேன்."

"சரிங்க டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

திரும்பும்போது வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டு மகள் கேட்டாள். "அப்பா, எங்க கிளாஸ்ல எல்லாரும் ரெண்டாவது போவாங்களா?"

"போவாங்க."

"எதிர்வூட்டு அக்காவோட தங்கச்சியும்?"

"அவளும் போவா."

"நான்?"

"நீயும் போவ" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு அதிலிருந்து பின்வாங்க முடியவில்லை.

மனைவி டியூஷனில் விடலாம் என்றாள். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. அங்கே இருபது பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மற்றவர்கள் சொல்வதைத் திரும்பச் சொல்லப் போகிறாள். திரும்பச் சொல்வதுதான் அவளுக்கு ஏற்கெனவே நன்றாக வருகிறதே.

"நானே சொல்லிக்குடுக்கறேன்" என்றேன்.

"நீங்களா? நீங்க போர்டு படிச்சி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடும்."

"போவட்டும். அடுத்த பஸ்ஸு வரும்."

எனக்குத் தட்டாஞ்சாவடியில் வேலை. வாளி, மக்கு, தொட்டி செய்கிற பிளாஸ்டிக் கம்பெனி. காலை ஷிப்டு முடித்து மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். மனைவி கடையிலிருந்து வர எட்டு ஆகும். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டோம்.

நான் எப்படிப் படித்தேனோ அப்படித்தானே சொல்லிக்கொடுக்க முடியும்? எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்குப் பெயர் உண்டு. அ என்றால் ஆனா. ஆ என்றால் ஆவன்னா. ப என்றால் பானா. புள்ளி வைத்த ம் என்றால் இம்மன்னா. சிலேட்டில் 'பட்டம்' என்று எழுதி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவளும் சொன்னாள்.

"பானா. இட்டன்னா. டானா. இம்மன்னா."

"ஆங். இப்ப சேத்து சொல்லு."

"பானாயிட்டன்னாடானாயிம்மன்னா!" ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டதை அவள் சரியாகத்தான் செய்திருந்தாள். சேர்த்துச் சொல் என்றேன், சேர்த்துச் சொன்னாள்.

"பட்டம்னு வரணும்மா."

"இதுல எங்கப்பா பட்டம் கீது?"

ஒரு வாரம் இப்படியே போனது. சொல்லை மாற்றினேன், எழுத்தைப் பெரிதாக எழுதினேன், குரலை உயர்த்தினேன். குரல் உயர்ந்ததும் அவள் புதுவிதமாகத் தப்பிக்கக் கற்றுக்கொண்டாள். எழுத்தைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தாள். என் உதடு அசைந்ததும் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். மனைவி ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னா, உங்க ஸ்கூல்ல இம்மன்னாவைத் தாண்டியாச்சா?" என்று கேட்டாள். விட்டுவிடலாம் என்று தோன்றவில்லை. எங்கேயோ நான்தான் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது.

கம்பெனியில் உடைந்த வாளிகளையும் கழிவுத் துண்டுகளையும் போட்டு அரைக்கிற மெஷின் ஒன்று உண்டு. அது ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கத்துவதில்லை. வாயை அகலமாகத் திறந்து சொல்லை இழுப்போம். 'சாஆஆப்... டிஇஇ... யாஆஆ' என்று இழுத்தால் எதிரில் இருப்பவனுக்கு 'சாப்ட்டியா' என்று விளங்கிவிடும். பல வருஷமாக அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஒருநாள் என்னோடு வேலை செய்கிறவர் மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து 'டீஈஈ' என்று வாயை இழுத்தார். நான் தலையை ஆட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். டீ என்பதை இழுக்கலாம். டீயன்னா என்பதை இழுத்தால் என்ன விளங்கும்? நான் மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது எழுத்தின் பெயரை. அவளுக்கு வேண்டியிருந்தது அதன் சத்தம்.

அன்று சாயங்காலம் சிலேட்டை எடுக்கவில்லை. அவளைச் சமையலறை வாசலில் நிறுத்தி, நான் தெருக்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"நம்ம நடுவுல பெரிய மெஷினு ஓடுது. ஒண்ணும் கேக்காது. நான் இழுத்து சொல்வேன், நீ கண்டுபிடிக்கணும்" என்றேன். "பாஆஆஆ... ல்ல்ல்."

"பாலு!"

"தோஓஓ... சைஐஐ."

"தோச! அப்பா, இப்ப நான் சொல்றேன், நீ சொல்லு."

அவள் வாயைக் கோணிக்கொண்டு ஏதேதோ இழுத்தாள். விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு மூன்று நாள் அந்த விளையாட்டு மட்டும்தான். அதற்குப் பிறகு, இழுக்கிற சொல்லைச் சிலேட்டில் எழுதி, இழுக்க இழுக்க எழுத்தின் மேல் விரலை நகர்த்தினேன். பானாவும் இம்மன்னாவும் எங்கள் வீட்டை விட்டுப் போயின. ப என்றால் ப. ம் என்றால் உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம்.

டீக்கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்த ஒரு நாள், அங்கே பலகையில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் மெல்ல அசைந்தது. "வஅஅ... டைஐஐ... வடை! அப்பா, வடைன்னு போட்டிருக்கு!"

"போட்டிருக்கு பாப்பா, ஆனா தீந்துபோச்சு" என்றார் டீ மாஸ்டர்.

"அப்ப அழிக்க வேண்டியதுதானே?" என்றாள் அவள். மாஸ்டர் துணியை எடுத்து அழித்தார். என் மகள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வாசித்த முதல் சொல் அது.

அதன் பிறகு புத்தகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தேன். புத்தகமென்றால் அவள் மனப்பாடம் செய்துவிடுவாள். தெருவை மனப்பாடம் செய்ய முடியாது. வீதிப் பெயர், கடைப் பலகை, சுவரொட்டி என்று வண்டியை நிறுத்தி நிறுத்திப் படித்தோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் நெற்றியில் 'கனகசெட்டிக்குளம்' என்று இருந்தது. "கன... க... செட்... டி..." என்று போய்க்கொண்டிருந்தபோதே பஸ் கிளம்பிவிட்டது. "மீதி போயிடுச்சுப்பா" என்றாள்.

இன்னொரு முட்டுக்கட்டை வந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு ஜூஸ் கடைப் பலகையை அவள் அழகாக இழுத்து, "ப... ழ... ம்... பழம்" என்று படித்தாள். படித்துவிட்டு, "தப்பாப்பா?" என்று கேட்டாள்.

"கரெக்டுதான்."

"பழம்னா இன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் யாரும் பழம் என்று சொன்னதில்லை. பயம் என்றுதான் சொல்வோம். வாயப்பயம், பலாப்பயம். பள்ளிக்கூடத்தில் பாட்டாகச் சொல்லியிருந்தாலும், நாங்கள் சொல்கிற பயம்தான் அது என்று அவளுக்குத் தெரியாது.

"பயம் இருக்குல்ல, துன்ற பயம், அதான்."

"அப்ப பயம்னு எழுதாம ஏன் இப்படி எழுதி வச்சிருக்காங்க?"

"பயம்னு எழுதினா பயப்படறதும்மா."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நம்ம வூட்ல டெய்லி பயத்தையா துன்றோம்?"

அவளைத் திருத்தினால் மட்டும் போதாது என்று புரிந்தது. வாயில் இருப்பதும் எழுத்தில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால், சரியாகப் படித்தாலும் தப்பு என்றே நினைப்பாள். அதனால் நான் மாற வேண்டியிருந்தது. நாக்கை மடக்கிப் பழம், மழை, வாழை, கிழமை என்று சொல்லத் தொடங்கினேன். நாற்பது வயதுக்கு மேல் நாக்கு அவ்வளவு சுலபமாக மடங்காது. "மழை வர்ற மாதிரி இருக்கு" என்று நான் சொன்னால் மனைவி, "சரிங்க, தலைப்புச் செய்தி இன்னா?" என்பாள். வீட்டுக்குள் அதைத் தாங்கிக்கொள்ளலாம். வெளியில்தான் கஷ்டம். பெரிய மார்க்கெட்டில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாழைப்பழம் ஒரு சீப்பு குடுங்க" என்றேன். கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு சார் நீங்க?"

"இதே ஊருதான்."

"பாத்தா அப்பிடித்தான் கீது. பேச்சுதான் வேற மாதிரி கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு சமயமாக இருந்தால் சீப்பை வாங்காமலே நகர்ந்திருப்பேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பழம் நல்லா பழுத்ததா குடுங்க" என்று இன்னொரு தடவை சொன்னேன், போன தடவையைவிடச் சத்தமாக.

பள்ளி திறந்த அன்று மனைவி தானே போவதாகச் சொன்னாள். நான்தான் போவேன் என்றேன். ஷிப்டு மாற்றிக்கொண்டு போனேன். டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கதைப் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். நாய்க்குட்டி ஒன்று வேலி தாண்டுகிற கதை. மகள் விரலை வைத்தாள். ராகம் இல்லை. ஒவ்வொரு சொல்லாக மெல்ல மெல்ல வந்தது. முதல் வரி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது வரியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள்.

'மூங்கில்.'

"மூஊஊ..." என்று இழுத்தாள். நின்றாள். மறுபடியும் "மூஊஊ..." அந்த ங் அவளுக்கு வசப்படவில்லை. எனக்கு உதடு துடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன், அவள் திரும்பி என் வாயைப் பார்த்துவிடப்போகிறாள் என்று. வெளியே வேறு பெற்றோர்கள் காத்திருந்தார்கள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அது வந்து..." என்று குனிந்தார்.

"சொல்லிடாதீங்க டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "கொஞ்சம் நேரம் குடுங்க. அவளே சொல்லுவா."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மகள் பார்வையை எழுத்திலிருந்து எடுக்கவில்லை. "மூ... ங்... ங்... கி..." என்றாள். அப்புறம் சட்டென்று, "மூங்கில்! மூங்கில் வேலி!" என்றாள். கீழே இருந்த இரண்டு வரியையும் அதே வேகத்தில், அதாவது வேகமே இல்லாமல், படித்து முடித்தாள்.

"மூங்கில்னா இன்னான்னு தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஏணி செய்வாங்க. பெயிண்ட் அடிக்கிறவங்க ஏறுவாங்க."

டீச்சர் புத்தகத்தை வாங்கி மூடினார். "மெதுவாத்தான் படிக்கிறா. ஆனா படிக்கிறா" என்றார். "ரெண்டாவதுக்குப் போவட்டும். நீங்க வீட்டுல விட்டுடாதீங்க. விட்டீங்கன்னா ரெண்டே மாசத்துல பழையபடி ஆயிடும்."

"விடமாட்டேன் டீச்சர்."

மகள் பையை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த இரண்டாம் வகுப்புக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் உடனே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் நிற்பதை அவள் மறந்தே போனாள்.

அன்று சாயங்காலம் புதுப் புத்தகங்களைப் பரப்பி வைத்து அட்டை போட்டோம். முடிந்ததும் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னிக்கும் படிக்கணுமா?" என்றாள். "நான்தான் ரெண்டாவது வந்துட்டேனே?"

"வந்துட்ட. அதான் ரெண்டாவது புக்கு. உக்காரு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாடத்தைத் திறந்தோம். நானும் அதற்கு முன் அதைப் படித்ததில்லை. முதல் வரியிலேயே நீளமாக ஒரு சொல் இருந்தது. இரண்டு பேரும் அதில் கொஞ்ச நேரம் நின்றோம்.