உப்பின ஓஸ்

உளுந்தூர்பேட்டையில் சென்னை பஸ் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், களமருதூர் விவசாயி ஒருவர். ஒல்லியான உடம்பு, சலவைச் சட்டை. பஸ் குலுங்கும்போதெல்லாம், தூங்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல வயிற்றை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதுங்களா?" என்றேன்.

"வலிச்சிருந்தா முன்னமே தெரிஞ்சிருக்கும். கிட்னியில கல்லு இருக்கான்னு ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துல பெரிய ரத்தக்குழா ஒரு எடத்துல வீங்கிக்கினே போவுதுன்னாங்க. பீடியும் பிரஷரும் சேர்ந்து அத மெலிசாக்கிடுச்சாம். நாளைக்கு ஆபரேசன்."

பிறகு அவரே சிரித்தார். "நம்ம கொல்லையில ஓஸ் பைப்பும் வெயில்ல நைஞ்ச எடத்துல இப்படித்தான் உப்பும். நான் மேல சைக்கிள் டியூப சுத்துவேன். டாக்டருங்க உள்ள ஒரு குழாய சொருவுவாங்களாம்."

சன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்ப்செட்டைக் கை காட்டினார்.

"ஓஸ் வெடிச்சா ஓடிப்போயி மோட்டார நிறுத்திடுவேன். இது வெடிச்சா மோட்டாரே நின்னுடுமாம்ங்க."

இறங்கும்போது என் பெட்டியைத் தூக்கித் தரக் குனிந்தார். பதறிப்போய்த் தடுத்தேன்.

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தச் சாலையில் எங்காவது பம்ப்செட் சத்தம் கேட்டால், ஓடிக்கினே இருக்கட்டும் என்று இப்போதும் என் மனசு அவர் பேச்சிலேயே சொல்கிறது.