வண்டிக்கு அடியில் அழகமுத்து

தெல்தோட்டை அழகமுத்து தன் மகளுக்கு வந்த மூன்று சம்பந்தங்களைக் கெடுத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். கெடுத்தது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. முதலாமவனின் ஓட்டோவுக்கு ஹேண்ட் பிரேக் இல்லை என்றார். இரண்டாமவனின் மோட்டார் சைக்கிள் டயர் மொட்டைத் தலை போல இருக்கிறது என்றார். மூன்றாவது வீட்டார் வாடகை வேனில் வந்தார்கள். அதற்கு அடியிலும் படுத்துப் பார்த்துவிட்டு, "இப்படிப்பட்ட வேன்ல பெத்தவங்களை ஏத்திக்கிட்டு வர்றவனுக்கு எப்படிங்க பொண்ணைக் குடுக்கிறது?" என்று கேட்டார். வேன் தங்களுடையதல்ல என்று அவர்கள் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

பேராதனை கலஹா சந்திக்குப் பக்கத்தில் நஸீம் நானாவின் கராஜில் அவருக்கு இருபத்தாறு வருடமாகப் பிரேக் வேலை. என்ஜின் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். "ஓடாத வண்டிய நாளைக்குப் பார்க்கலாம், நிக்காத வண்டிய இப்பவே பார்க்கணும்" என்பார். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார். வளைவு வந்தால் காற்றில் பிரேக் மிதிப்பார். "இந்த மனுசன உட்டா தூங்குற கட்டிலுக்கும் பிரேக் பாப்பாரு" என்று நஸீம் நானா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அழகமுத்து சிரிக்க மாட்டார். பிரேக் விஷயத்தில் அவருக்குப் பகிடி பிடிக்காது.

நான்காவது சம்பந்தம் மடுல்கெல்லையிலிருந்து வந்தது. பையன் பெயர் சுமன். வெளிநாட்டுக்காரர்களை நக்கிள்ஸ் மலைக்கு ஏற்றிக்கொண்டு போகும் தொழில். வண்டி சொந்தம் என்று கேட்டதுமே அழகமுத்துவின் மனைவி வீரம்மா உஷாராகிவிட்டார். பொண்ணு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனைச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"எந்த வண்டிக்கும் அடியில குனிஞ்சு பார்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"எதுக்குடி சத்தியம்? நான் என்ன திருடவா போறேன்?"

"சிந்துஜா ஆசைப்படுறா. இருபத்தேழு வயசுல இப்பத்தான் ஒருத்தனை வேணும்னு சொல்றா. இதையும் கெடுத்தீங்கன்னா அவ இனிமே யாரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டா. நானும் உங்ககூடப் பேச மாட்டேன்."

சிந்துஜா கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். பேச்சில் கெட்டிக்காரி. ஆனால் அன்று காலையில் வாய் திறக்காமல் ஒரே சேலையை மூன்று தடவை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அழகமுத்துவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. குனிய மாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

பத்து மணிக்கு மேட்டிலிருந்து, பின்னால் திறந்த தட்டுள்ள ஒரு வெள்ளை டபிள் கெப் இறங்கி வந்தது. சாதாரண கெப் இல்லை. இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டி, பெரிய டயர் போட்டிருந்தார்கள். உள்ளே ஐந்து பேர், பின்னால் தட்டில் ஆறு பேர். வாசலில் வந்து நின்றபோது மூக்கு தரையை முட்டுகிற மாதிரி முன்பக்கம் குத்தியது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

அழகமுத்து குனியவில்லை. குனிய வேண்டிய தேவையே இல்லை. வாசல் படிக்குக் கீழே நின்ற அவருக்கு வண்டி ஆளுயரத்துக்கு நிற்கிறதே! நிமிர்ந்து நின்று கைகூப்பியபடியே பின் அச்சு வரைக்கும் பார்த்துவிட்டார். லோட் வால்விலிருந்து அச்சுக்குப் போகிற கம்பி கீழே தொங்கிப்போய்க் கிடந்தது. வண்டியைத் தூக்கியவர்கள் கம்பியைத் தொடவேயில்லை.

அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. வாங்க என்றார், உட்காருங்க என்றார், அவ்வளவுதான். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது, சிந்துஜா வந்தாள். சுமன் வெட்கப்பட்டான். சுமனின் தாய்மாமன் பழனியாண்டி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து வண்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அழகமுத்து வடையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர ஒரு துண்டும் உள்ளே போகவில்லை. பெண்ணின் அப்பா இப்படி இறுகிப்போய் இருந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? பழனியாண்டியின் குரல் மெல்ல மெல்லச் சூடேறியது.

"என்னாண்ணே, எங்களைப் பிடிக்கலையா?"

வீரம்மா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "அய்யோ, அவரு அப்படித்தாங்க. கொஞ்சம் அமைதியான ஆளு."

அந்த நேரம் பார்த்துச் சுமனின் அம்மா நல்ல மனதோடு ஒன்றைச் சொன்னார். "அப்ப புள்ளையையும் ஏத்திக்கிட்டு இப்பவே கண்டிக்குப் போவோமே. சேலை ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு, பொழுது சாயுறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுர்றோம்."

பதினொரு பேர், அதோடு சிந்துஜா பன்னிரண்டு. கலஹா இறக்கம் முழுக்க வளைவு. அழகமுத்து எழுந்து நின்றார். வீரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வண்டி கீழே போகக் கூடாது."

பழனியாண்டி வெடித்தார். "கேள்விப்பட்டுத்தான் வந்தோம்! வண்டியில குத்தம் சொல்லித்தான் நீங்க பொண்ணு குடுக்காம இருக்கீங்கன்னு ஊரே சொல்லுது! ஆறு மாசமா ஓடுற வண்டிண்ணே இது!"

சிந்துஜாவின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் அழகமுத்து சுமனின் அம்மா பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்க கொழுந்து பறிச்சவங்கதானே?"

"இன்னும் பறிக்கிறேன்ணே."

"அப்ப உங்களுக்குத்தான் விளங்கும். இந்த வண்டியிலயும் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி ஒருத்தன் இருக்கான். பின் அச்சுக்கு மேல இருக்கிற லோட் வால்வுதான். பின்னால எவ்வளவு பாரம்னு நிறுத்துப் பார்த்து, அதுக்கேத்த மாதிரிப் பின் சக்கரத்துக்குப் பிரேக் அளந்து குடுக்கிறது அவன் வேலை. பாரம் ஏறினா வண்டி அச்சுப் பக்கமா அமுங்கும், கம்பி மேலே போகும், அவனும் கூடுதலாக் குடுப்பான். இப்ப என்னா ஆச்சு? வண்டியத் தூக்கிட்டாங்க, கம்பி தொங்கிப்போச்சு. பதினொரு பேரு ஏறினாலும் வண்டி வெறுமையா இருக்குன்னே எழுதுறான். பின்னால பிரேக் பேருக்குத்தான். முன் சக்கரம் மட்டுமே இழுத்துப் பிடிக்குது. அது சூடேறிக் கைவிட்டா, கலஹா இறக்கத்துல என்னா செய்வீங்க?"

சுமனின் அம்மா எழுந்தே விட்டார். "பாரம் இருக்கையிலே இல்லேங்கிறானா?"

"ஆமா தங்கச்சி."

"கூடை நிறைஞ்சிருக்கும், தண்ணி, பழுத்த இலைன்னு அஞ்சு கிலோவக் கழிப்பானே, அவனா?"

"அவனேதான்."

"டேய் சுமன்! இந்தப் பயலையாடா வண்டிக்கடியில வச்சிக்கிட்டு எங்களை ஏத்துறே?"

சுமன் அழகமுத்துவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "முன்னால குத்துதுன்னு எனக்கும் தெரியும் மாமா. வண்டியத் தூக்கின இடத்துல அந்த வால்வையே கழட்டிரச் சொன்னாங்க. நாளைக்குக் கழட்டத்தான் இருந்தேன்."

"கழட்டினா பின்னால முழுப் பிரேக்கும் போகும், அது இன்னும் மோசம் தம்பி. வெறும் வண்டியா ஈர ரோட்டுல மிதிச்சீங்கன்னா பின் சக்கரம் அப்படியே இறுகி நின்னு, வண்டி சுத்திரும். போன மாசம் ஒருத்தர் நான் சொல்லச் சொல்லக் கேட்காம வேற இடத்துல கழட்டினாரு. ரெண்டாம் நாள் கடுகண்ணாவையில மழை. வந்த பக்கமே பார்த்துக்கிட்டு வேலிக்குள்ள நின்னாரு."

சுமன் சாவியை நீட்டினான். பழனியாண்டி கதிரையை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வேலை பெரிதல்ல. வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்குக் கம்பியின் அடி முனையையும் உயர்த்திவிட்டால் கணக்கு நேராகிவிடும். அதற்கென்று செய்த இரண்டங்குல இரும்புத் துண்டு ஒன்று அழகமுத்துவின் கருவிப் பைக்குள் இருந்தது. வேலிக்குள் போய் நின்ற அந்த மனிதருக்குச் செய்து, அவர் வேண்டாம் என்றதுதான். சத்தியத்துக்குச் சாமியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, அழகமுத்து உள்ளே புகுந்தார்.

அவர் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு சோடிக் கால்கள் வந்து நின்றன. ஒன்று சுமனுடையது. மற்றது கொலுசு போட்ட கால். கொலுசு மெதுவாகப் பேசியது.

"அன்னைக்கு நான் டேஷ்போர்ட்டுல போய் முட்டினேனே, அதுவும் இதனாலதானா?"

"மெல்லப் பேசு. மாமா கீழே இருக்காரு."

அழகமுத்துவின் கை அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் நெற்றி வீங்கி வந்தவள், மருந்துக்கடை அலுமாரிக் கதவு இடித்தது என்றல்லவா சொன்னாள்? அம்மாவும் அப்பாவுமாக மஞ்சள் பற்றுப் போட்டு, அலுமாரியைத் திட்டித் தீர்த்தார்களே! முதலில் கோபம்தான் வந்தது. நமக்குத் தெரியாமல் இவனோடு ஊர் சுற்றியிருக்கிறாள். அடுத்த நிமிடம் கோபத்தைத் தள்ளிக்கொண்டு பயம் வந்தது. இந்த வண்டியில், இந்தக் கம்பி தொங்கத் தொங்க, தன் பிள்ளை போய் வந்திருக்கிறாள். நட்டை இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெறும் வண்டியாக ஒரு தடவை இறக்கி மிதிக்கச் சொன்னார். பின் சக்கரம் இறுகவில்லை, நேராக நின்றது. பிறகு பாரம் வேண்டும் என்றார். சுமனின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாகத் தட்டில் ஏறினார். மற்றவர்களையும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். "எல்லாரும் ஏறுங்கடி, இன்னைக்காவது நம்மளைச் சரியா நிறுக்கட்டும்!"

வண்டி மேட்டிலிருந்து இறங்கியது. அழகமுத்து கீழ் வளைவில் நின்று கையைக் காட்டினார். சுமன் மிதித்தான். முன்பக்கம் குத்தவில்லை. நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்து, வண்டி அடக்கமாக நின்றது. தட்டில் ஒருவர்கூடச் சாயவில்லை.

அதே நேரம் மேலே வாசலில் பழனியாண்டியின் பொறுமை முடிந்திருந்தது. "அண்ணி, மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா நாங்க பஸ்ஸுல போறோம்" என்று எழுந்துவிட்டார். வீரம்மா வேலி ஓரத்துக்கு ஓடிவந்து கீழே பார்த்துக் கத்தினார்.

"ஏங்க! பிடிச்சிருக்கா?"

அழகமுத்து பின் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிடிச்சிருக்கு! நல்லாப் பிடிச்சிருக்கு!"

தட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் குலவை போட்டார்கள். மேலே பழனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்று சிரித்தார். வீரம்மா அழத் தொடங்கிவிட்டார். எதற்குக் குலவை என்று விளங்க அழகமுத்துவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

சிந்துஜா வளைவுக்கு ஓடிவந்தாள். அவள் ஒருத்திக்குத்தான் அப்பாவைத் தெரியும். மற்றவர்களுக்குக் கேட்காமல் கிட்டே வந்து, பயந்த குரலில் கேட்டாள்.

"அப்பா, நீங்க பிரேக்கைத்தானே சொன்னீங்க?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அத்தனையும் கலைந்துவிடும். அழகமுத்து வண்டியைப் பார்த்தார். சுமன் இறங்கி, யாரும் சொல்லாமலே சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு மகளைப் பார்த்தார். எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு, அவள் நெற்றியில் மெதுவாக வைத்தார்.

"ரெண்டையுந்தாம்மா சொன்னேன்," என்றார். "முட்டின இடம் இன்னும் வலிக்குதா?"