சாவி கொடுக்காத பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளைக் கருவடிக்குப்பத்தில் ஒரு ரேபிட் செஸ் போட்டிக்கு அழைத்துப்போனேன். மேசையில் இருந்த கடிகாரத்தைப் பழக்கதோஷத்தில் எடுத்துக் காதில் வைத்தேன். "அத்தை, மானத்த வாங்காத, கீழ வை" என்றாள். பேட்டரியில் ஓடுவது. சத்தமே இல்லை.

எங்கள் நாளில் கடிகாரத்துக்கு இரண்டு முகம், இரண்டு சாவி, இரண்டு டிக் டிக், ஆளுக்கொன்று. முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சிவப்புக் கொடி எழும்பும். அது விழுந்தால் தோல்வி. ஆட்டத்துக்கு முன் இரண்டு பக்கமும் சாவி கொடுப்பது, எங்கள் ஊர்ப் போட்டிகளில், கறுப்புக் காய்க்காரரின் வேலை.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை. கடைசிச் சுற்றில் நான் கறுப்பு. எதிரே சோஃபி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண், என் வயதுதான். ஜெயித்தால் எனக்குக் கப்பு. "கப்பு வாங்குனா ஆடு. இல்லன்னா டென்த் முடியற வரைக்கும் போர்டு பரண் மேலதான்" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

நான் எதையும் எழுதிவைக்கிற ஆள்: பஸ் நேரம், மளிகைச் சாமான், தோழிகளின் ரத்த வகை. ஆளுக்கு அரை மணி நேரமே உள்ள ரேபிட் ஆட்டத்தில் நகர்த்தல்களை எழுதத் தேவையில்லை. நான் எழுதுவேன், பக்கத்திலேயே மிச்சமிருக்கும் நிமிடத்தையும். அன்று நடு ஆட்டத்தில் திடீரென்று மூளை தெளிந்தது. நிதானமாக யோசித்து சோஃபியின் குதிரையைப் பிடித்தேன். என் சிப்பாய் ராணியாக இன்னும் சில கட்டங்களே. தாளைப் பார்த்தேன். ஏழு, ஏழு, ஏழு, ஏழு, ஏழு.

காதைச் சாய்த்தேன். என் பக்கம் டிக் டிக் இல்லை. பதற்றத்தில் அவள் பக்கத்துக்கு மட்டும் சாவி கொடுத்திருக்கிறேன்; என் பக்கம் பழைய சாவியில் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. சோஃபி கவனிக்கவில்லை. ஆனால் ஆறாவது முறையாக ஏழு என்று எழுதக் கை வரவில்லை. நடுவரைக் கூப்பிட்டேன்.

"சாவி குடுத்தது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அவளுக்குக் குடுத்துட்டு உனக்குக் குடுத்துக்கலையா? நல்ல மனசு!"

சிரித்துக்கொண்டே என் பக்கத்துக்குச் சாவி கொடுத்து, என் நேரத்தில் ஐந்து நிமிடத்தைக் கழித்தார். சிப்பாய்க்கு ஒரு கட்டம் பாக்கியிருக்கையில் என் கொடி விழுந்தது.

"லூசாடி நீ? வாய மூடிக்கினு ஆடியிருக்கலாம்ல?" என்றாள் சோஃபி, கை குலுக்கிக்கொண்டே.

"நீயா இருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

யோசிக்கவே இல்லை. அதனால்தான் அவளை இன்றும் பிடிக்கிறது.

சொன்னபடியே போர்டு பரணேறியது. அது இறங்கியபோது சோஃபி பிரான்சில் இருந்தாள். போட்டிகளுக்குப் பேட்டரி கடிகாரம் வந்துவிட்டது. இப்போது இருவரும் போனில் ஆடுகிறோம். நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சரிபார்க்கிறவள்; பிழையில்லாத கடிகாரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஆடியதிலேயே நல்ல செஸ், கடிகாரம் நின்றிருந்த அந்த ஐந்து நகர்த்தல்கள்தான். அண்ணன் மகளின் கடிகாரம் அப்படி ஒருநாளும் நிற்காது.