குருசடிக் கம்பத்து உப்பு

விளக்குக் கம்பத்துக்கு என்னென்ன விதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கேபிள் மண்ணுக்கடியில் குழாய்க்குள் போக வேண்டும். இணைப்புப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது. இரும்புக் கம்பம் ஒவ்வொன்றையும் எர்த் கம்பியால் மண்ணோடு சேர்க்க வேண்டும். உள்ளே வயர் கசிந்தாலும் கம்பத்தைத் தொட்டவரை அதுதான் காப்பாற்றும். இருபத்திரண்டு வருடமாக நான் வயர்மேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

எங்கள் கடற்கரை ஊரில், மாதாவுக்குக் கட்டிய சிறு சிலுவைக் கோயிலான குருசடிக்கு முன்னால் விளக்குக் கம்பம் நட்டது நான்தான். நட்ட வருடமே திருவிழாவில் பெண்கள் அதனடியில் உப்பும் நல்லமிளகும் போடத் தொடங்கிவிட்டார்கள். நேர்ச்சை உப்பைக் கொடிமரத்தடியில்தான் போட வேண்டும். கூட்டத்தில் அதை நெருங்க முடியாதவர்கள் இந்தக் கம்பத்தில் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். அதில் முதல் ஆள் என் மனைவி.

“ஏட்டி, இது கொடிமரமா? லைட்டுக் கம்பம்ட்டி. ஒனக்கு கண்ணு தெரியாதா?”

“எல்லாம் மாதாவுக்க மண்ணுதான். ஒங்களுக்கு கரண்டால ஒண்ணும் வரப்பிடாதுன்னு போடுதேன். கரண்டுக் கம்பத்துல போட்டா கொறஞ்சா போவும்?”

திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர், “மக்கா, உப்பு கம்பத்தத் தின்னுராதா?” என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. என் தொழிலை எனக்கே சொல்லித்தருகிறாராம்! “எர்த்துக்குக் குழி வெட்டுனா நாங்களே கரியும் உப்பும் போட்டுத்தான் மூடுவோம். உப்பு நல்லதுதான் அண்ணே. நீங்க போயி வெடிக்கெட்டப் பாருங்க” என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் வாய்ச்சவடாலில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

குழிக்குள் போடும் உப்பு வேறு. எர்த் கம்பியை முடுக்கிய போல்ட்டின் மேல் வருடக்கணக்கில் குவியும் உப்பு வேறு. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னும் அதை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். சொன்ன வாயை மாற்ற மனமில்லாமல் விட்டுவிட்டேன். கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்சையும் வைக்கவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கமிட்டி சொன்னதும் தலையாட்டினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கொடியேற்றத்தன்று சாயங்காலம் தூறல் போட்டது. விளக்கைப் போட்டது நான்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமண்ணில் நின்று உப்பைப் போட்டிருக்கிறாள். பிறகு கொடிமரத்தைத் தொட்டு முத்தமிடுவதுபோல் கம்பத்தைத் தொட்டிருக்கிறாள். கத்தல் கேட்டு ஓடி மெயினை அணைத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள். ஐயோ, அந்தக் கையை நான் எத்தனை தேய்த்தேன்.

அடக்கம் முடிந்ததும் கம்பத்தடிக்குப் போனேன். மேலே பெட்டிக்குள் வயரின் தோல் கிழிந்து கம்பத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கீழே உப்பை விலக்கினேன். எர்த் கம்பி துருப்பொடியாகக் கையில் உதிர்ந்தது. கமிட்டிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று நான் எடுத்தெறிந்து பேசியதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

“மாதா கூப்பிட்டுட்டா மக்கா. நீ என்ன செய்வ?”

“மாதா கூப்பிடல்ல அண்ணே. நாந்தான் கொன்னேன்.”

அவளுக்குப் பிறகு யாரும் அங்கே போடவில்லை. அன்று அவள் போட்டதில் தூறலில் கரைந்ததுபோகக் கொஞ்சம் கல்லுப்பும் நாலு நல்லமிளகும் கிடந்தன. எனக்கு ஒன்றும் வரக்கூடாது என்று போட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை.